எதிலிருந்து? எதில்? – 'டிஃபரன்ட்' பற்றி ஒரு குறிப்பு

ஆரணியில் ஏதாவது ஒரு பட்டுச்சேலைக் கடையில் கல்யாண சீசனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இந்த நாலு வாக்கியமும் காதில் விழும்.

"வேற காட்டுங்க."
"வேற மாதிரி காட்டுங்க."
"மூணு பேருக்கும் வெவ்வேற கலர்ல காட்டுங்க."
"கொஞ்சம் வித்தியாசமா காட்டுங்கண்ணே."

கடைக்காரர் நாலுக்கும் நாலு விதமாக நடந்துகொள்வார். முதல் வாக்கியத்துக்கு, அடுக்கில் அடுத்து இருக்கிற சேலையைப் பிரித்துப் போடுவார். இரண்டாவதுக்கு, அந்த அடுக்கையே விட்டுவிட்டு வேறு அலமாரிக்குப் போவார். மூன்றாவதுக்கு, ஒரே ரகத்தில் மூன்று நிறம் எடுத்து வைப்பார். நாலாவதைக் கேட்டதும் உள்ளே குரல் கொடுத்து, "அந்தப் புது சரக்கை எடுத்தாப்பா" என்பார்.

இப்போது இந்த நாலையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். நாலிலும் 'டிஃபரன்ட்' என்ற ஒரே உரிச்சொல்லைப் போட்டுச் சமாளித்துவிடலாம். நாம் ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்ட சொல் அது. அதனாலேயே அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் உள்ளே நிறைய இருக்கிறது. கடைசியில் ஒரு பட்டுச்சேலையின் விலை வரைக்கும் போகிற விஷயம் இது.

ஒரு சொல், மூன்று வேலை

எந்த ஆங்கில அகராதியை எடுத்தாலும் 'டிஃபரன்ட்' என்ற சொல்லுக்குக் கிட்டத்தட்ட இந்த மூன்று பொருள்கள் இருக்கும்.

1. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாதது. "திஸ் பார்டர் இஸ் டிஃபரன்ட் ஃப்ரம் தட் ஒன்." இந்தக் கரை அந்தக் கரை மாதிரி இல்லை.

2. ஒன்றல்ல, தனித்தனியானவை, பல. "ஐ வென்ட் டு ஃபைவ் டிஃபரன்ட் ஷாப்ஸ்." அந்த ஐந்து கடைகளும் குணத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்று இங்கே அர்த்தம் இல்லை. ஐந்து தனித்தனிக் கடைகள், அவ்வளவுதான். எண்ணிக்கை வந்த பிறகு 'டிஃபரன்ட்' எதற்கு, எடுத்துவிடு என்று சொல்கிற நடைக் கையேடுகளும் உண்டு. ஆனாலும் அலைந்த அலைச்சலை அழுத்திச் சொல்ல ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

3. வழக்கத்துக்கு மாறானது. "தட் சாரி இஸ் டிஃபரன்ட்!" இது பாராட்டாகவும் இருக்கலாம், பிடிக்கவில்லை என்பதை நாசூக்காகச் சொல்வதாகவும் இருக்கலாம். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது பொருளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் பொருளில் இரண்டு சேலைகளும் கண்ணெதிரே இருக்கின்றன. மூன்றாவதில் ஒரு சேலைதான் இருக்கிறது; ஒப்பிடப்படும் இன்னொன்று, 'நாம் இதுவரை பார்த்ததெல்லாம்' என்ற ரூபத்தில் பேசுபவரின் மனதுக்குள் இருக்கிறது. அதனால்தான் ஒருவருக்கு 'டிஃபரன்ட்'டாகத் தெரிவது இன்னொருவருக்கு 'இதான் போன வருஷமே வந்துடுச்சே' ஆகிறது.

எல்லாரும் 'வேற' சேலை வாங்கினார்களா, 'வெவ்வேற' சேலை வாங்கினார்களா?

மொழியியலாளர்களை இந்தச் சொல் நிறையவே படுத்தியிருக்கிறது. கிரெக் கார்ல்சன் 1987-ல் 'சேம்', 'டிஃபரன்ட்' என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரையே எழுதினார். அவர் பேசுகிற சிக்கலை நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன்.

"எவ்ரிபடி பாட் எ டிஃபரன்ட் சாரி."

இதற்கு இரண்டு அர்த்தம் வரும். ஒன்று: முன்னால் ஏதோ ஒரு சேலையைப் பற்றிப் பேச்சு நடந்தது, எல்லாரும் அதை விட்டுவிட்டு இன்னொன்றை வாங்கினார்கள். அந்த இன்னொன்று எல்லாருக்கும் ஒரே மாதிரியாகக்கூட இருக்கலாம். இரண்டு: ஒருத்தர் வாங்கிய மாதிரி இன்னொருத்தர் வாங்கவில்லை. முதல் அர்த்தத்தில் ஒப்பீடு வாக்கியத்துக்கு வெளியே இருக்கிற ஒன்றோடு. இரண்டாவதில் வாக்கியத்துக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர். ஆங்கில வாக்கியத்தை மட்டும் பார்த்தால் எது என்று சொல்ல முடியாது.

தமிழில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை.

"எல்லாரும் வேற சேலை வாங்கினாங்க" என்றால் முதல் அர்த்தம்.
"எல்லாரும் வெவ்வேற சேலை வாங்கினாங்க" என்றால் இரண்டாவது.

'வேறு' வெளியே கை நீட்டுகிறது. 'வெவ்வேறு' கூட்டத்துக்குள்ளேயே ஒன்றையொன்று பார்க்கிறது. அதனால்தான் 'ஒரு வெவ்வேறு சேலை' என்று யாராலும் சொல்ல முடியாது. 'வெவ்வேறு' என்றால் குறைந்தது இரண்டு வேண்டும். ஜெர்மன் மொழியிலும் 'ஆண்டர்ஸ்', 'ஃபெர்ஷீடன்' என்று இப்படி இரண்டு சொற்கள் உண்டு. சிக்ரிட் பெக் 2000-ல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஆங்கில 'டிஃபரன்ட்'டுக்குள் ஒப்பீட்டுச் சொல், உறவுச் சொல் என்று இரண்டு இருக்கின்றன என்று விளக்கினார். பட்டுக்கடையில் தினமும் நடக்கிற விஷயம்தான்!

'வேறு' – ஆமா இல்லையா; 'வித்தியாசம்' – எவ்வளவு?

தமிழ் இலக்கணத்தில் 'வேறு' ஒரு சுவாரசியமான சொல். நான் வேறு, நீ வேறு, அவள் வேறு, அது வேறு, அவை வேறு. இடம் மாறினாலும் பால் மாறினாலும் சொல் மாறுவதில்லை. 'இல்லை', 'உண்டு' ஆகியவற்றோடு சேர்த்து 'வேறு' ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறது நன்னூல். ஆங்கிலத்தில் 'இஸ்', 'ஆர்' என்று ஒரு துணை வேண்டும். நமக்கு "ஆரணி வேறு, காஞ்சிபுரம் வேறு" என்றாலே வாக்கியம் முடிந்துவிடும்.

ஆனால் 'வேறு' என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. 'வெரி டிஃபரன்ட்' என்பதை 'ரொம்ப வேறு' என்று சொல்ல மாட்டோம். 'ரொம்ப வித்தியாசமா இருக்கு' என்போம். 'வேற மாதிரி' என்று கூட ஒரு சொல் சேர்த்தால்தான் 'ரொம்ப', 'கொஞ்சம்' எல்லாம் ஒட்டும். புரோகிராமர் பாஷையில் சொன்னால் 'வேறு' ஒரு பூலியன்: ஆமா, இல்லை, அவ்வளவுதான். 'வித்தியாசம்' ஒரு எண். "ரெண்டுக்கும் ஐநூறு ரூபா வித்தியாசம்" என்று நேரடியாக எண்ணாகவே சொல்கிறோம். 'டிஃபரன்ட்' இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்கிறது.

'வித்தியாசம்' வடமொழி 'வ்யத்யாச' என்பதிலிருந்து வந்தது. இடம் மாறிக் கிடப்பது, தலைகீழாவது என்பது அதன் மூலப் பொருள். மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மூலத்துக்கு நெருக்கமான உருவிலேயே புழங்குகிறது. தமிழில் அது எண்ணையும் தாங்குகிறது, 'வழக்கத்துக்கு மாறான' என்ற மூன்றாவது பொருளையும் தாங்குகிறது. 'வித்தியாசமான கதைக்களம்' என்று சொல்லாத சினிமாப் பேட்டி உண்டா?

பேச்சில் இந்த 'வேற' இன்னும் தூரம் போயிருக்கிறது. "மழை வேற பெய்யுது" என்பதில் வேறுபாடு ஏது? 'போதாக்குறைக்கு' என்ற அர்த்தம். "நீங்க வேற!" என்றால் 'சும்மா இருங்க, கிண்டல் பண்ணாதீங்க'. இந்த இரண்டையும் 'டிஃபரன்ட்' போட்டு மொழிபெயர்க்க முடியாது. அதே மாதிரி 'டிஃபரன்ட்லி ஏபிள்ட்' என்பதற்குத் தமிழ் 'வேறு'வையும் எடுக்கவில்லை, 'வித்தியாச'த்தையும் எடுக்கவில்லை. 'மாற்றுத்திறனாளி' என்றது. 'மாற்று' என்றால் ஒன்றின் இடத்தில் நின்று வேலை செய்யும் இன்னொன்று. சொல்லைப் பெயர்க்காமல் பொருளைப் பார்த்ததால் கிடைத்த சொல் என்று எனக்குத் தோன்றும்.

ஃப்ரம், டூ, தேன் – ஐந்தாம் வேற்றுமை

'டிஃபரன்ட்' போட்டால் அடுத்து என்ன வரும்? பள்ளியில் 'ஃப்ரம்' மட்டும்தான் சரி என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிலவரம் அவ்வளவு கறாராக இல்லை. 'டிஃபரன்ட் ஃப்ரம்' எல்லா இடத்திலும் செல்லும். 'டிஃபரன்ட் டூ' பிரிட்டனில் பேச்சில் அதிகம். 'டிஃபரன்ட் தேன்' அமெரிக்காவில் அதிகம். ஆனால் அது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல, 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. 'ஃப்ரம்' தவிர மற்றது தப்பு என்பது வெறும் மூடநம்பிக்கை என்று ஃபௌலர் 1926-ல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு நூலில் எழுதிவிட்டார். பின்னால் ஒரு முழு வாக்கியம் வரும்போது, "டிஃபரன்ட் தேன் ஐ எக்ஸ்பெக்டட்" மாதிரி, 'தேன்' சுருக்கமாகவும் முடிந்துவிடுகிறது. தேர்வு, அலுவலகக் கடிதம் என்றால் 'ஃப்ரம்' பாதுகாப்பு.

ஏன் இந்த இழுபறி? சொல்லின் பிறப்பைப் பார்த்தால் புரியும். லத்தீனில் 'டிஸ்' என்றால் விலகி. 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்வது. விலக்கிக் கொண்டுபோவது என்பதுதான் வேர். விலகல் என்றால் 'ஃப்ரம்' இயல்பு. ஆனால் பொருள் ஒப்பீட்டுப் பக்கம் நகர்ந்ததும், ஒப்பீட்டுக்கு உரிய 'தேன்' வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூலின் ஐந்தாம் வேற்றுமைதான் ஞாபகம் வந்தது. அதற்கு நாலு பொருள்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. விலகுவதும் ஒப்பிடுவதும் ஒரே உருபுக்குள் இருக்கலாம் என்று நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ கணக்கு வைத்துவிட்டார்கள். 'ஃப்ரம்' நீங்கல், 'தேன்' ஒப்பு. இன்றைய பேச்சிலும் நமக்கு மூன்று வழி உண்டு: 'அதிலிருந்து வேறுபட்டது', 'அதைவிட வித்தியாசமா இருக்கு', 'அதுக்கும் இதுக்கும் வித்தியாசம்'. மூன்றையும் யாரும் திருத்துவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 'வேற்றுமை' என்ற இலக்கணக் கலைச்சொல்லே 'வேறு' என்பதிலிருந்து வந்ததுதான். பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்துவதால் வேற்றுமை. லத்தீன் இலக்கணக்காரர்கள் இதே விஷயத்துக்கு 'விழுவது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆங்கில 'கேஸ்' அங்கிருந்து வந்தது. நம்மவர்கள் 'டிஃபரன்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

இரண்டு காலி இடங்கள்

யூனிக்ஸில் 'டிஃப்' என்று ஒரு கருவி உண்டு. பெல் லேப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது. 1974-ல் ஐந்தாம் யூனிக்ஸ் பதிப்போடு வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றும் அதன் வாரிசுகளைத் தினமும் பயன்படுத்துகிறோம். அதற்கு ஒரு கோப்பை மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது. இரண்டு கொடுக்க வேண்டும். அதாவது 'எதிலிருந்து' என்று சொல்லாமல் 'வேறு' என்று சொல்ல அதற்குத் தெரியாது.

அதோடு முடியவில்லை. இடைவெளிகளைப் பொருட்படுத்தாதே, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்றெல்லாம் அதற்குச் சொல்லலாம். அப்படிச் சொன்னால், கொஞ்ச நேரம் முன்னால் 'வேறு' என்று காட்டிய அதே இரண்டு கோப்புகளை இப்போது 'வேறில்லை' என்று சொல்லும் (சொல்லாது, சும்மா இருக்கும், வித்தியாசம் இல்லை என்றால் அது எதையும் அச்சிடாது). எந்த விஷயத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஆக, 'டிஃபரன்ட்' என்ற சொல்லுக்குள் இரண்டு காலி இடங்கள் இருக்கின்றன. எதிலிருந்து வேறு? எதில் வேறு? இரண்டையும் நிரப்பாதவரை அந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்று சொல்லவே முடியாது. விளம்பரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'டிஃபரன்ட்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, இரண்டு இடங்களையும் நம்மையே நிரப்பிக்கொள்ள விட்டுவிடுவார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க"

இனி பட்டுக்கு வருவோம். ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆரணிக்காரர்களிடம் வெளியூர் நண்பர்கள் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். கடைகளில் கிடைக்கிற பதில் இரண்டு: "ரெண்டும் ஒண்ணுதாங்க", அல்லது "அது வேற, இது வேற". இரண்டும் சரி, இரண்டும் அரைகுறை. காரணம், 'எதில்' என்ற இடம் காலியாக இருக்கிறது.

நிரப்பிப் பார்க்கலாம்.

*நூலில்:* இரண்டுமே மல்பெரிப் பட்டு. அந்த விஷயத்தில் வேறில்லை.

*எடையில்:* பொதுவாகக் காஞ்சிபுரம் சேலை கனம். ஆரணிச் சேலை மெலிது, கட்டுவதற்கு இலகு. விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது.

*நெய்கிற முறையில்:* காஞ்சிபுரத்தின் பெயர்பெற்ற முறை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் ஓட்டி, சேரும் இடத்தில் ஊடையைக் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். பழைய முறையில் தறியில் இரண்டு பேர் தேவை. கடையில் 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்று சொல்கிற எல்லாமே கோர்வை அல்ல. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், உழைப்பில் வேறு.

*ஊரில்:* ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று இந்தப் பக்கத்துத் தறிகள் ஒரு கூட்டம். காஞ்சிபுரமும் சுற்று வட்டாரமும் இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு உண்டு.

ஊர் என்ற இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆங்கிலத்தின் இன்னொரு உரிச்சொல் வருகிறது: 'டிஸ்டிங்க்ட்'. 'டிஃபரன்ட்' என்றால் ஒன்றாக இல்லை. 'டிஸ்டிங்க்ட்' என்றால் இன்னொன்றோடு குழப்பிக்கொள்ள முடியாதபடி பிரித்துப் பார்க்க முடிகிறது. அதிலிருந்து வரும் 'டிஸ்டிங்க்டிவ்' இன்னும் ஒரு படி மேலே: பார்த்ததுமே இன்னாருடையது என்று அடையாளம் காட்டுகிற தன்மை. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் கேட்பது இந்த மூன்றாவதைத்தான். ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கிலிருந்து பிரித்துக்காட்டும் தன்மை இல்லாத குறியைப் பதிவு செய்ய முடியாது. வெறுமனே 'டிஃபரன்ட்' என்றால் போதாது. அதே ஆண்டு இயற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டமோ, சரக்கின் தரமோ பெயரோ வேறு ஏதாவது தன்மையோ அந்த மண்ணோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

மூன்று முத்திரை, மூன்று கேள்வி

பட்டுச்சேலையில் தொங்கும் அட்டைகளை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஒவ்வொன்றும் 'எதில்' என்ற கேள்வியின் ஒரு துண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறது.

மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த 'சில்க் மார்க்', இது சுத்தமான பட்டு என்கிறது. எந்த ஊர், எந்தத் தறி என்று சொல்லாது. 2006-ல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்', இது கைத்தறியில் நெய்தது என்கிறது. எந்த ஊர் என்று சொல்லாது. புவிசார் குறியீடு, இது இந்த வட்டாரத்துச் சரக்கு என்கிறது. விசைத்தறியில் ஓடிய சுத்தப் பட்டுச் சேலைக்கு முதல் முத்திரை பொருந்தும், இரண்டாவது பொருந்தாது. ஒரு முத்திரையைக் காட்டி மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொன்ன மாதிரி பேசினால், அங்கேதான் வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

ஏமாறுவது வாங்குகிறவர் மட்டுமல்ல. இங்கே நெய்த சேலை பெரிய ஊரின் பெயரில் விலைபோகிறது என்பது ஆரணி நெசவாளர்களின் நெடுநாள் ஆதங்கம். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி விற்கும்போது அந்தப் பெயரின் மதிப்பு ஆரணித் தறிக்கு வருவதில்லை. "அது வேற, இது வேற" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கும்போது அதே நூலுக்கும் அதே கைவேலைக்கும் உரிய கூலியும் வருவதில்லை. விற்கும்போது 'ஒண்ணு', வாங்கும்போது 'வேற'. காலி இடங்களை நிரப்பாத ஒரு சொல்லை வைத்து இவ்வளவு செய்ய முடிகிறது.

அக்கம்பக்கத்துச் சொற்கள், சுருக்கமாக

'வேரியஸ்' – பலவகை. கூட்டத்தைச் சுட்டுகிறது, ஒப்பிடுவதில்லை.
'டைவர்ஸ்' – ஒன்றுக்குள்ளேயே இருக்கும் பன்மை. பெரும்பாலும் பாராட்டாக வரும்.
'டிஸிமிலர்' – ஒத்த தன்மை இல்லாதது, கொஞ்சம் உரைநடைத்தனமானது.
'டிஸ்பரேட்' – ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாதவை.
'அனதர்' – இன்னொன்று. வேறாகவும் இருக்கலாம், அதே மாதிரியாகவும் இருக்கலாம். "வேற காட்டுங்க" என்ற முதல் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் கச்சிதமான சொல் இதுதான்.

ஆங்கிலம் எழுதும்போது 'டிஃபரன்ட்' வந்தால் ஒரு நிமிஷம் நின்று, நான் சொல்ல வருவது வேறா, வெவ்வேறா, வித்தியாசமா, தனித்துவமா என்று தமிழில் கேட்டுக்கொள்வேன். சரியான ஆங்கிலச் சொல் பெரும்பாலும் அப்போதே கிடைத்துவிடும். சேலை வாங்கப் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான். கடைக்காரர் "இது டிஃபரன்ட்டுங்க" என்றால் சண்டை போட வேண்டாம். "எதுலேர்ந்துங்க? எதுலங்க?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். தெரிந்த கடைக்காரர் சந்தோஷமாகச் சேலையைத் திருப்பிப் போட்டு, கரை சேருகிற இடத்தை விரலால் தடவிக் காட்டுவார்.